வெட்டுப்பட்ட வாக்கியம்

எங்கள் பழைய ஆபீஸ் ஆட்கள் எப்போதாவது ஒன்றுகூடினால், டீ வந்து சேர்வதற்குள் யாராவது ஒருவர் அவருடைய பேச்சை எடுத்துவிடுவார். கருவியைத் தூக்கிச் சுவரில் அடித்தாரே, அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எந்தக் கருவியையும் சுவரில் அடித்ததில்லை. மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் முதலாளியின் டீ கிளாஸ் கவிழ்ந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அவரைக் கோபக்காரி என்று ஒதுக்கிவைத்தால்தான் மற்ற எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்க முடியும். நானும் அப்படிக் குடித்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தால் அதற்கும் திட்டுவார். புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் முதலாளி உட்பட ஆபீஸ் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. என்னை அவர் சாதாரண நாட்களில் ‘பாய்’ என்பார், கோபம் வந்தால் ‘சார்’. மாதக்கணக்கில் நான் சாராகவே இருந்திருக்கிறேன். பதவியில் நான் அவருக்கு மேலே. அவர் தயாரிப்பதைப் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர்க் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டுகளில் வேலை செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கும் கருவிக்கு உள்ளே இருக்கவேண்டிய தகவல் தொகுப்பைத் தயாரித்துக் கொடுத்தோம். கருவி, பழைய தடிமனான செல்போன் மாதிரி இருக்கும். ஆபத்தான சரக்கு ஏற்றிய கன்டெய்னரில் நான்கு இலக்க எண் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை அடித்தால் உள்ளே என்ன இருக்கிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டும் என்று திரையில் வரும். ஐந்தாறு கன்டெய்னர்களை அடுக்கிய சந்துக்குள் சிக்னல் எட்டாது. அதனால் மொத்தத் தகவலும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். யாரும் தெரியாமல் அழித்துவிடவோ மாற்றிவிடவோ கூடாது என்பதால் பூட்டித்தான் கொடுப்போம். படிக்கலாம், திருத்த முடியாது. திருத்த வேண்டுமென்றால் ஆபீசில் புதிதாகத் தயாரித்து, ஒவ்வொரு கருவியிலும் வயரைச் செருகி மறுபடி ஏற்ற வேண்டும்.

எங்களுக்கெல்லாம் அந்தப் பூட்டு ஒரு வசதி. தொலைபேசித் தொல்லை இல்லை, புகார் இல்லை. அவருக்கு அது பயமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே என்னிடம் சொன்னார்: “அவனால திருத்த முடியாதுன்னு பூட்டு போட்டுத்தான குடுக்கறோம் பாய். அப்ப உள்ள தப்பு இருந்தா அவன் இன்னா பண்ணுவான்? நம்பத்தான் செய்வான்.”

யார்டு வேலைக்கு முன்னால், காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்காக ஒரு தொகுப்பு தயாரித்தோம். தொழிலுக்குப் போன இடத்தில் வேறு கரையில் ஒதுங்க நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று போன் எண்களோடு ஒரு பட்டியல். அரசு வெளியீடு ஒன்றிலிருந்து எடுத்தது. நான் பார்த்துச் சரி என்று விட்டிருந்தேன். அவர் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நானூறு சொச்சம் எண்கள். நான்கு நாள் அதே வேலை. ஆபீசில் எல்லோரும் ஜாடை காட்டிச் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் காலை என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஆஸ்பத்திரின்னு போட்டுக்கீது சார். போன் பண்ணா கல்யாணப் பொண்ணு அலங்காரமா, ரிசப்ஷனுக்கான்னு கேக்கறாங்க.”

ஒரு எண்தானே, அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

“அந்த ஒரு நம்பரத்தான் சார் ஒருத்தன் போடப்போறான். படகுல அடிபட்டு ஒருத்தன் கெடக்கச் சொல்ல.”

சத்தமாகத்தான் சொன்னார். கீழே டயர்க் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்ததாக அப்புறம் சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த எண்ணைப் பற்றிய அவமானம் இல்லை. கீழே கேட்டுவிட்டதே என்றுதான். என் புத்தி அப்போது அந்த அளவில்தான் இருந்தது.

யார்டு வேலை வந்தபிறகு அக்கா மாதம் ஒருமுறை காட்டுப்பள்ளிப் பக்கம் போய்வருவார். பஸ், ஷேர் ஆட்டோ, கடைசியில் டிரெய்லர்கள் கிளப்பும் புழுதியில் ஒரு நடை. அங்கே தேசப்பன் என்று ஒருவர் பாதுகாப்புக் கண்காணிப்பாளராக இருந்தார். முகத்துவாரக்குப்பத்துக்காரர். மீன்பிடித் தொழில் கைகொடுக்காமல் யார்டுக்கு வந்தவர், எட்டாவது வரை படித்தவர். அக்கா தொகுப்பில் எழுதியிருந்த வரிகளை தேசப்பன் கையுறை போட்ட கையோடு, வெயிலில் நின்றபடி, கருவியைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வார்த்தையை இவர் அங்கேயே அடித்துவிடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். ‘சுவாசக் கவசம்’ என்று வந்த இடத்தில் தேசப்பன் நின்றுவிட்டார். “மாஸ்க்னு போடும்மா, புரியும்” என்றார். போட்டார்.

அக்கா எழுதிய வரிகளெல்லாம் குட்டை. ‘தண்ணி வேணாம். மணல் கொட்டு.’ ‘கிட்ட போவாதே. காத்து வர்ற பக்கம் நில்லு.’ இப்படித்தான் எழுதுவார். ஏன் என்று கேட்டதற்கு, தமிழில் ‘கூடாது’ என்பது கடைசியில்தான் வருகிறது, எதிரே புகை வரும்போது எவனும் கடைசி வரைக்கும் படிக்கமாட்டான் என்றார். அவன் செய்யப்போகும் தப்பு எதுவோ அதை முதல் இரண்டு வார்த்தைக்குள் தடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இவ்வளவு யோசிக்கிறவரைத்தான் நாங்கள் முன்கோபி என்றோம்.

யார்டு நடத்திய நிறுவனத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. எங்கள் ஆபீசுக்கு வந்து, தொகுப்பை அச்செடுத்த காகிதங்களை மேசைமேல் வைத்து, இது என்ன பாஷை, தணிக்கைக்கு வருகிறவர்கள் பார்த்தால் மானம் போகும் என்றார். வரிகளையெல்லாம் முறையான தமிழில் அவரே மாற்றி எழுதி எடுத்துவந்திருந்தார். ‘தண்ணி வேணாம்’ என்பது ‘நீரைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்’ ஆகியிருந்தது.

அக்கா பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். படிக்கப்போவது தணிக்கைக்காரர் இல்லை, தேசப்பன் என்றார். அவருக்குப் பழைய வரி தெளிவாகக் கீது என்றார். அதிகாரி முதலாளியைப் பார்த்து, “கீதாமே” என்று சொல்லிப் புன்னகைத்தார். முதலாளியும் புன்னகைத்தார். நானும்தான்.

அப்போதுதான் அவர் கருவியை மேசைமேல் வைத்தார். டீ கொட்டியது. “சிரிச்சுக்கோங்க சார், பரவால்ல. ஆனா அந்த வரிய மாத்தாதீங்க” என்றார்.  

அதிகாரி துணியில் பட்ட டீயைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் யார்டுக்குள் போகும் அக்காவின் அனுமதிச் சீட்டு ரத்தாகிவிட்டது. முறையான தமிழ் உள்ளே வந்தது. தேசப்பனை வைத்துப் படித்துப்பார்க்கும் வழக்கம் அதோடு நின்றது.

அடுத்து நடந்ததில் என் கை இருக்கிறது. வேறு யார்மீதும் போட்டுத் தப்பிக்க முடியாது.

அந்த நிறுவனம் இன்னும் இரண்டு யார்டுகளுக்குப் பழைய மாடல் கருவிகளை எங்கிருந்தோ வாங்கிவந்தது. உள்ளே இடம் குறைவு. எங்கள் தொகுப்பு அதில் கொள்ளவில்லை. அக்கா பார்த்துவிட்டு, தன் பழைய வரிகளைவிடவும் குட்டையாக எழுதினால் கொள்ளும், பத்து நாள் வேண்டும் என்றார். முதலாளி திங்கட்கிழமை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை மதியம், வியாசர்பாடியில் தங்கை மகளுக்குக் காது குத்து என்று அக்கா லீவில் இருந்தபோது, முதலாளி என் அறைக்கு வந்து, எப்படியாவது உள்ளே போகும்படி செய் பாய் என்றார்.

செய்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒதுக்கியிருந்த இடத்தைச் சுருக்கினேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று வேண்டும். அதன் கொம்புக்கு இன்னொரு மூன்று, புள்ளிக்கு இன்னொரு மூன்று. இது எனக்குத் தெரியாதது இல்லை. சில வரிகள் சுருக்கப்பட்டுள்ளன, தொடரலாமா என்று கணினி கேட்டது. எந்தெந்த வரிகள் என்று பார்க்கவும் அதில் வழி இருந்தது. தொடரலாம் என்று அழுத்தினேன். நான்கைந்து எண்களைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தன. திங்கட்கிழமை எல்லாக் கருவிகளிலும் ஏற்றியாகிவிட்டது. ஒரே மாதிரி இருக்கட்டும் என்று தேசப்பனின் யார்டிலும் அதையே ஏற்றினோம்.

அன்று மதியம் அக்கா என்னிடம், எல்லா வரியையும் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

பதினொரு நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில், தேசப்பனின் யார்டில் ஃபோர்க்லிஃப்டிலிருந்து ஒரு டிரம் நழுவி விழுந்து மூடி திறந்துகொண்டது. வெள்ளி நிறத்தில் ஏதோ உலோகப் பொடி. லேசாகப் புகைந்தது. புகையைப் பார்த்தால் யாருக்கும் தண்ணீர்தான் தோன்றும். ஒருவர் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேசப்பன் அவரைத் தடுத்து நிறுத்தி, எல்லோரையும் தூரப் போகச் சொல்லிவிட்டு, டிரம்மில் ஒட்டியிருந்த எண்ணைக் கருவியில் அடித்தார். செய்ய வேண்டியதை வரிசை தப்பாமல் செய்த ஒரே மனிதர் அன்றைக்கு அவர்தான். ‘நீரைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்’ என்ற வாக்கியத்தில், நான் விட்டுவைத்த இடம் பாதியில் தீர்ந்துபோயிருந்தது. திரையில் இருந்தது இதுதான்: ‘நீரைப் பயன்படுத்து’.

குழாயை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே பிடித்தார். தண்ணீர் பட்டதும் பொடி வெடித்து எரிந்தது. இரண்டு கையும் முகமும் வெந்துபோயின. இடது கண் போய்விட்டது.

செய்தி வந்தபோது அக்கா கத்தவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கருவியை எடுத்து, எண்ணை அடித்து, திரையைப் பார்த்தார். என்னிடம் வந்து திரையைக் காட்டினார்.   உடனே மடிக்கணினியையும் வயர்களையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். இங்கிருந்தே திருத்த முடியாதல்லவா. மூன்று யார்டுகளிலும் அதே வரி இன்னும் ஆட்கள் கையில் இருந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஆட்டோ பிடித்தோம்.

முதல் யார்டில் கேட் மேலாளர், மேலிடத்துக் கடிதம் இல்லாமல் கருவிகளைத் தர முடியாது, தந்தால் வண்டிகள் நின்றுவிடும் என்றார். உங்களுக்கு அனுமதிச் சீட்டும் இல்லை என்றார். அக்கா திரும்பி நடந்து, கேட்டுக்குள் நுழையவிருந்த டிரெய்லருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் பத்து வண்டிகள் அடித்தன. அவர் நகரவில்லை. மேலாளர் கத்தினார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

“கூப்புடு. வந்தவங்ககிட்ட இந்த மிசின குடுத்துப் படிக்கச் சொல்லு. ஒரு ஆளு எரிஞ்சுபூட்டான்யா. இன்னும் எத்தினி பேர் கைல இத குடுத்துவெச்சிருக்கே?”

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி விஷயத்தைக் கேட்டார். பிறகு அவரும் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கால் மணி நேரத்தில் கருவிகள் ஒரு கூடையில் வந்தன. அக்கா கேட்டோரத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்து, தன் பழைய குட்டை வரிகளை ஒவ்வொன்றிலும் ஏற்றினார். அதுவும் கொள்ளாத பழைய மாடல் கருவிகளில் தொகுப்பையே அழித்துவிட்டு, தப்பைச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும் என்றார். மூன்று யார்டையும் முடித்தபோது சாயங்காலம். நான் வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலை அவர் தொடவே இல்லை.

பிறகு விசாரணை அறிக்கை வந்தது. இன்றைக்கும் என் ரத்தத்தைக் கொதிக்கவைப்பது அந்தக் காகிதம்தான். ஆபீஸ் கணினியில் உள்ள மூலத் தொகுப்பில் வாக்கியம் முழுமையாக, சரியாக இருக்கிறது, பணியாளர் வாக்கியத்தை இறுதிவரை படிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருந்தார்கள். கேட்டால் பொய் என்று சொல்ல முடியாது. மூலத்தில் முழு வாக்கியம் இருந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். கையெழுத்துப் போட்டால் அவர்மேல் எந்தக் குற்றமும் வராது என்று முதலாளி இதமாகச் சொன்னார். அவர் காகிதத்தை இரண்டாகக் கிழித்து, முதலாளி கையிலேயே கொடுத்துவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்ப வேலைக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, இடத்தைச் சுருக்கியது நான்தான், அக்காவுக்குத் தெரியாமல் செய்தேன், தேசப்பன்மீது தவறில்லை என்று விசாரணை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அறிக்கையை மாற்ற வேண்டியதாயிற்று. தேசப்பன் பெயர் அதிலிருந்து நீங்கியது. என் வேலை போயிற்று. அதிகாரி வேறு ஊருக்குப் போய்ப் பதவி உயர்வு பெற்றதாகக் கேள்வி. அக்கா இப்போது, வீடு வீடாகப் போகும் நர்சுகளின் கருவிகளுக்கு மருந்து அளவுகளைத் தொகுக்கிறாராம். அங்கேயும் சத்தம் போடுகிறார் என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். போடட்டும். என்னோடு அவர் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

என் மனசாட்சிதான் அந்தக் கடிதத்தை எழுதவைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. அதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். என் மனைவி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. “கெளம்புங்க சார்” என்றார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

தீக்காய வார்டில் தேசப்பன் படுத்திருந்தார். இரண்டு கைக்கும் கட்டு, பாதி முகத்துக்கும் கட்டு. அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து, அட்டையால் மெல்ல விசிறிக்கொண்டிருந்தார். அறிக்கையைப் பற்றி யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தேசப்பன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேச ஆரம்பித்தார்.

“நாந்தான் கடசி வார்த்தைய வுட்டுட்டேன் போலக்கீதும்மா. எட்டாவது படிச்சவன்தான. நீ அவ்ளோ சொல்லிக் குடுத்தும் என்னால படிக்க முடில.”

அக்கா பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தார். அன்றைக்கு ஆபீஸ் அலமாரியிலிருந்து எடுத்ததை, மாற்றாமல் அப்படியே வைத்திருந்தார். எண்ணை அடித்து, அவருடைய வலது கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“படிண்ணா.”

“நீரைப் பயன்படுத்து.”

“அப்பால?”

அவர் வெகுநேரம் பார்த்தார். “அப்பால ஒண்ணும் இல்லியேம்மா.”

அக்கா கீழே நகர்த்தும் பொத்தானை அழுத்திக் காட்டினார். ஒன்றும் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, “சொல்லுங்க சார்” என்றார்.

சொன்னேன். நீங்க சரியாத்தான் படிச்சீங்க, மீதி வரியை வெட்டினது நான் என்று சொன்னேன். பார்க்காமலே பார்த்தேன் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். தேசப்பன் என்னையே பார்த்தார். அந்த ஒரு வாரமாகத் தன்னைத்தானே நொந்துகொண்டு கிடந்த மனிதருடைய முகம், கட்டுக்கு வெளியே தெரிந்த பாதி முகம், மெதுவாக மாறியது. பிறகு திட்டத் தொடங்கினார். என்னை, என் படிப்பை, என் ஏசி ரூமை, எங்கள் ஆபீசை, யார்டை. இங்கே எழுத முடியாத வார்த்தைகள். வார்டில் எல்லாக் கட்டில்களிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். அவர் மனைவி விசிறுவதை நிறுத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கோடியிலிருந்து நர்ஸ் ஒருவர், இது என்ன ஆஸ்பத்திரியா மீன் மார்க்கெட்டா என்று அதட்டிக்கொண்டே வேகமாக வந்தார்.

அக்கா குறுக்கே போய் அவரைக் கை நீட்டி மறித்தார்.

“வுடு சிஸ்டர்” என்றார். “திட்டட்டும்.”